கடைசி நான்கு கிலோமீட்டர்

என் மகள் காலையில் காரில் எதற்காக விழித்துக்கொள்கிறாள்? மூன்று வாரமாக இந்தக் கேள்வியோடுதான் ஹைதராபாத்தில் போலாரத்திலிருந்து கச்சிபௌலிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை.

அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் தினமும் நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டதால், கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் அவளைச் சேர்த்தேன். பழகுவதற்கு ஒரு மாதம் தருவதாகவும், அதற்குள் அவள் அழுகையை நிறுத்திச் சாப்பிடத் தொடங்காவிட்டால் ஆறு மாதம் கழித்து அழைத்து வரும்படியும் காப்பகப் பொறுப்பாளர் சொன்னார். மென்மையாகத்தான் சொன்னார். ஆனால் ஆறு மாதம் என்னை அலுவலகம் வைத்திருக்காது.

தூங்கிக்கொண்டே போனால் அவளுக்குப் பிரச்சினை இல்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அன்று அரசு விடுமுறை, எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் இல்லை; சாலை காலியாக இருந்தது, சீக்கிரம் போய்விட்டோம். காப்பக ஆயாம்மா அவளை அப்படியே வாங்கிக்கொண்டு போய்ப் பாயில் போட்டார். அவளாக எழுந்து, மற்ற குழந்தைகளைப் பார்த்து, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் இட்லி சாப்பிட்டாளாம். வழியில் விழித்துவிட்டாலோ, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "வத்து, வத்து" என்று அழுவாள். வேண்டாம் என்பதற்கு அவள் காப்பகத்தில் கற்றுக்கொண்ட தெலுங்கு அது. பிறகு மதியம்வரை வாயைத் திறக்க மாட்டாள்.

கார் எங்களுடையது அல்ல. கொழுந்தனார் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, சும்மா நிறுத்தினால் கெட்டுவிடும், ஓட்டிக்கொண்டிருங்கள் என்று விட்டுப்போனது. பிளக்-இன் ஹைபிரிட். வீட்டு ப்ளக்கிலேயே சார்ஜ் போடலாம். சார்ஜ் இருக்கும்வரை சத்தமே இல்லாமல் மின்சாரத்தில் போகும். தீர்ந்ததும் பெட்ரோல் இன்ஜின் தானாகத் தொடங்கும். பழைய கார் என்பதால் பேட்டரி முன்போல் இல்லை. முதல் வாரத்தில் இருபத்திரண்டு கிலோமீட்டரில் தீர்ந்துவிட்டது. கூகட்பள்ளி நெரிசலில் இன்ஜின் உறுமியது, பின்சீட்டில் இவள் அழத் தொடங்கினாள். அந்த விடுமுறை நாளைத் தவிர, தினமும் அப்படியே. ஆகவே இன்ஜின்தான் எழுப்புகிறது என்று முடிவு செய்தேன். காப்பகம்வரை முப்பது கிலோமீட்டர். பேட்டரியை அதுவரை இழுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

படித்தேன், வீடியோ பார்த்தேன், நோட்டில் எழுதினேன். டயர் காற்றைச் சரிபார்த்தேன். டிக்கியில் கொழுந்தனார் விட்டிருந்த கிரிக்கெட் கிட்டை இறக்கிவைத்தேன். சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தாலே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். கார் தானாக வேகம் குறையும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். மேம்பாலத்தில் வேகமாக ஏறினால் சார்ஜ் இருக்கும்போதே இன்ஜின் வந்துவிடும் என்பதால், லாரிக்குப் பின்னால் லாரி மாதிரியே ஏறினேன். கிளம்புவதற்கு முன், சார்ஜர் செருகியிருக்கும்போதே ஏசியைப் போட்டு உள்ளே குளிர்வித்துக்கொண்டால் அந்தச் செலவு பேட்டரியில் விழாது என்று படித்து அதையும் செய்தேன். அதே நேரத்தில் வீட்டு உரிமையாளர் தண்ணீர் மோட்டாரைப் போட, வீட்டின் மொத்த மின்சாரமும் போனது. அவரிடம் கெஞ்சி மோட்டார் நேரத்தை அரை மணி தள்ளிவைத்தோம். இன்னும் சீக்கிரமாக, ஏழரைக்குக் கிளம்பினோம்.

இவ்வளவுக்கும் சேர்த்து இருபத்தாறு கிலோமீட்டர் வந்தது. ஹைடெக் சிட்டி மேம்பாலத்துக்கு அருகில் இன்ஜின் தொடங்கும், அவள் விழிப்பாள், மீதி நான்கு கிலோமீட்டரும் அழுவாள். இத்தனை அருகில் வந்துவிட்டோமே என்பதுதான் என்னை அந்தத் தவறுக்குத் தள்ளியது என்று நினைக்கிறேன்.

அன்று பாலாநகர் தாண்டியதும் ஏசியை அணைத்தேன். கண்ணாடிகளை இறக்கினால் ஹாரன் சத்தத்தில் எழுந்துவிடுவாள் என்று இறக்கவில்லை. ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் கார், அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். ஏப்ரல் வெயில் முன்கண்ணாடி வழியாக என் மடியில் விழுந்தது. எனக்கு வியர்த்தது. அவள் இருக்கும் பக்கம் நிழல்தானே என்று சொல்லிக்கொண்டேன். பின்பார்வைக் கண்ணாடியில் அவளை அடிக்கடி பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, அசையாமல் தூங்கினாள். ஹைடெக் சிட்டி போனது, இன்ஜின் வரவில்லை. காப்பக வாசலில் நிறுத்தியபோது இன்னும் ஒரு கிலோமீட்டர் மிச்சம் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆயாம்மா அவளைத் தோளில் வாங்கியதும், அவள் முதுகிலிருந்து தன் கையை எடுத்துப் பார்த்தார்; ஈரம். அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்து முழுக்கச் சிவந்திருந்தது.

"என்ன மேடம், பாப்பாவைக் குளிப்பாட்டி, துடைக்காமலே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று தெலுங்கில் கேட்டார்.

கேலியாகத்தான் கேட்டார். சட்டையை மாற்றி, ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் மேலே போனேன். அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள் என்று பொறுப்பாளர் மகிழ்ச்சியோடு செய்தி அனுப்பினார். அதைப் படித்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

மாலையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. கோபம் வந்தால் அவர் தமிழில் ஊர்ப் பேச்சு கலந்துவிடும், கூடாது என்பது 'நக்கோ' ஆகிவிடும்.

"ஏசியில கை வைக்கிறது நக்கோ. அவ்ளோதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சமாதானமாக, "நாங்க எல்லாம் ரயில் பெட்டி கோக்கிற ஷண்டிங் சத்தத்துல தூங்கின ஆளுங்க. வண்டி ஓடுறவரைக்கும் தூங்குவோம். சத்தம் நின்னாதான் என்னாச்சுன்னு முழிப்போம். நீ இன்ஜினை முதல்லயே போட்டுப் பாரேன்" என்றார்.

காரில் அதற்கொரு பட்டன் உண்டு; பேட்டரியைச் சேமித்துவைத்து, இன்ஜினில் ஓட்டலாம். வெளிவட்டச் சாலை சுற்றுவழி, வேகமாகப் போனால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்று இதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. இன்ஜினில் போவதென்றால் அது சரியான வழி, சிக்னலே இல்லை. மறுநாள் கொஞ்சம் தாமதமாக, வீட்டிலிருந்தே இன்ஜினோடு கிளம்பினோம். வெளிவட்டச் சாலையில் ஏறியதும் அவள் தூங்கிவிட்டாள். ஒரே சீரான சத்தம், ஏசி முழுதாக ஓடியது, என் தோள்கள்கூட இறங்கின. கச்சிபௌலியில் இறங்கி, பட்டனை அழுத்தி மின்சாரத்துக்கு மாற்றினேன். காருக்குள் அமைதி வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு "வத்து" என்றாள்.

அடுத்த நாள் பட்டனைத் தொடவே இல்லை. ஹைபிரிட் அல்லவா, கச்சிபௌலியில் இறங்கி முதல் சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானாக அணைந்தது. அப்போதும் விழித்தாள். கணவருக்கு இதில் பெருமை.

"பாத்தியா, எங்க வீட்டுப் பொண்ணு" என்றார்.

"அப்போ முதல் வாரம் இன்ஜின் சத்தத்துக்கு எழுந்தது யார் வீட்டுப் பொண்ணுங்க?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

நோட்டை எடுத்து முதலிலிருந்து பார்த்தேன். ஹைடெக் சிட்டியில் விழித்த நாட்களிலும், கச்சிபௌலியில் விழித்த நாட்களிலும் மணி எட்டு நாற்பதை ஒட்டியே இருந்தது. அப்படியானால் சத்தமும் இல்லை, அமைதியும் இல்லை. அவளுக்கு அதுதான் விழிக்கும் நேரமா? கூகட்பள்ளியில் விழித்த முதல் வாரத்தில், தாமதமாகக் கிளம்பிய நாட்கள் அவை, மணி என்னவென்று நான் எழுதவே இல்லை. கிலோமீட்டரை மட்டும் எழுதியிருந்தேன். நேரம்தான் காரணம் என்றால், ஏசியை அணைத்த அன்று ஒன்பது மணிவரை எப்படித் தூங்கினாள்? அது தூக்கம்தானா, வெக்கையில் வந்த சோர்வா? இதை நினைக்கும்போது நோட்டை மூடிவிடுகிறேன். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இனி அப்படிச் செய்யாதீர்கள் என்றும் சொன்னார். செய்ய மாட்டேன்.

ஒரு மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நேற்று ஏசியோடு, பழைய வழியில், பேட்டரியிலேயே இருபத்தாறு கிலோமீட்டர் வந்தேன். அவள் எட்டு முப்பத்தைந்துக்கு எழுந்தாள். அப்போது இன்ஜின் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கப்போகிறது என்று நான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிப்பவர்களில் சின்னக் குழந்தையோடு தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் இருப்பீர்கள். இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களும் ஒருசிலர் இருக்கலாம். எட்டரைக்கே காப்பகத்தில் இருக்கும்படி அவள் தூக்கத்தைக் கலைத்து ஏழு மணிக்கே கிளம்புவதா? பேட்டரிக் கணக்கை மறந்துவிட்டு, விழித்த குழந்தையாகவே அவளை உள்ளே அனுப்பிப் பழக்குவதா? ஏசியைத் தொடாமல் அந்த நான்கு கிலோமீட்டரைப் பெற எனக்குத் தெரியாத வழி வேறு உண்டா? உங்கள் வீட்டில் எது பலித்தது என்று தயவுசெய்து எழுதுங்கள். ஒன்பது நாளுக்குள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.