கீழத்தோட்டத்துக்குப் போகாத மெசேஜ்

திராட்சைக்கு என்றைக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்லும் ஆப் ஒன்றை நான் எழுதினேன். எழுதிய காலத்தில் திராட்சைக் கொடிக்கும் பாகற்கொடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. கம்பம் பக்கம் முதன்முதலாகத் தோட்டம் பார்க்கப் போன அன்று, ஒரு பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "இதெல்லாம் எப்பண்ணே கறுப்பாகும்?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டேன். தோட்டக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பந்தலை ஒரு தடவை பார்த்தார். "இது பாவக்கா தம்பி. கறுத்தா குப்பையிலதான் கொட்டணும்" என்றார். திராட்சை அதற்கு அடுத்த பந்தலில் இருந்தது.

அந்தக் கதையை நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நம்மைப் பற்றி நாமே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு வித்தையை வைத்துத்தான் என் உத்தியோகம் பாதி ஓடியது.

நான் தேனி டவுன், அல்லிநகரத்துக்காரன். எனக்குத் திராட்சை என்றால் தள்ளுவண்டியில் இருப்பது. சென்னையில் ஒரு பெரிய சாப்ட்வேர் கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டினேன். அங்கே ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மாற்றியதைப் பார்க்க ஒருவர், பார்த்தவர் சரியாகப் பார்த்தாரா என்று பார்க்க இன்னொருவர். ஒரு பட்டனைப் பச்சையாக்குவதற்கு ஒன்பது பேர் உட்கார்ந்து மீட்டிங் போட்டிருக்கிறோம். அந்த எரிச்சலில் ஊர் திரும்பி, தேனியில் ஒரு பேட்டரிக் கடை மாடியில் சொந்தமாக ஆபீஸ் போட்டபோது, "நம்மகிட்ட படிவமே கிடையாது" என்று பிரகடனம் செய்தேன். சபையில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

நான் எழுதுவதைச் சோதித்துப் பார்க்க வேலைக்கு வந்திருந்த பெண் அவர். வடுகபட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பது வயதிருக்கும். அதற்கு முன் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். என் பிரகடனத்தைக் கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதில் நிஜமான பத்துத் தோட்டங்களின் விவரத்தை எழுதினார். ஒரே ஆளுக்கு ரெண்டு தோட்டம் இருப்பது, பாதியில் கொடியை மறுபடி வெட்டியது, போன் நம்பர் மாறியது என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

"அண்ணே, நீங்க எதை மாத்துனாலும் இந்தப் பத்துலயும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வெளிய விடணும். நாந்தான் பாக்கணும். நீங்க பாக்கக் கூடாது."

"ஏம்மா, நான் பாத்தா என்ன?"

"நீங்க வச்ச கொழம்பு ஒங்களுக்கு நல்லாத்தேன் இருக்கும்."

இன்னொரு விதியும் வைத்தார். யார் போன் பண்ணி என்ன குறை சொன்னாலும், அந்த நிமிஷமே நோட்டின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். நான் அந்த நோட்டுக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்று பெயர் வைத்தேன். "ஸ்டேஷன்ல எழுத்தரம்மா இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டேதான் தினமும் ஆபீசுக்குள் நுழைவேன். அவர் சிரிக்க மாட்டார். சிரிக்காதவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் நாலு ஜோக் அதிகம் வரும்.

ஆப் செய்கிற வேலை சின்னதுதான். ஒவ்வொரு விளைச்சலுக்கும் முன்னால் திராட்சைக் கொடியை வெட்டிவிடுவதைக் கவாத்து என்பார்கள். அன்றையிலிருந்து நாள் எண்ணித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லா வேலையும் நடக்கிறது. எதிரே வருகிறவரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல், "ஒங்க தோட்டம் எத்தனையாம் நாளு?" என்று கேட்பார்கள். "இருபத்திரண்டு" என்று பதில் வரும். அதற்குள் தோட்டத்தின் முழு ஜாதகமும் இருக்கும். கவாத்துத் தேதியைப் போட்டுவிட்டால், வேலை இருக்கிற நாளில் காலை ஐந்து மணிக்கு என் ஆப் ஒரு மெசேஜ் அனுப்பும். இந்தத் தோட்டம், இத்தனையாம் நாள், இந்த மருந்து.

உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டுக்காரர் சவூதியில். மேலத்தோட்டம், கீழத்தோட்டம் என்று ரெண்டு திராட்சைத் தோட்டம். மேலத்தோட்டத்தை அக்கா வருஷக்கணக்காகத் தானே பார்த்துவந்தார். கீழத்தோட்டம் அவருடைய கொழுந்தனார் கையில் இருந்தது. அதையும் தானே பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ரொம்ப நாள் ஆசை. கொழுந்தனாருக்குச் சம்மதமில்லை. கடைசியில் சவூதிக்கு வீடியோ கால் போட்டு, வீட்டில் எல்லாரையும் வைத்துக்கொண்டு அக்கா பேசியிருக்கிறார்.

"ஒரே ஒரு கவாத்துக் குடுங்கன்டு கேட்டுருக்கேன் தம்பி" என்றார், நான் ஆப்பைப் போட்டுக்கொடுக்கப் போன அன்று. "நான் பாத்து வெளச்சலு எடுத்துட்டா அப்புறமும் எனக்கு. தப்பிப்போச்சுன்னா அவுகளே வச்சுக்கிறட்டும், இனிமே வாயே தொறக்க மாட்டேன்டு சொல்லிட்டேன்."

ரெண்டு தோட்டத்துக்கும் கவாத்து பன்னிரண்டு நாள் வித்தியாசம். அதுவரைக்கும் சமையல்கட்டில் தொங்கிய காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். "எதுக்குக்கா ரெண்டு வேலை? மெசேஜ் வந்தா வேலை. வரலையா, வேலை இல்ல. நிம்மதியாத் தூங்குங்க" என்றேன். இதை எல்லாத் தோட்டத்திலும் சொல்வேன். கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்காகவே சொல்வேன்.

நம்ம வடுகபட்டிப் பெண் ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள் லீவில் போனார். அந்த நாலு நாளில் மூன்று தோட்டக்காரர்கள் கூப்பிட்டு, ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வருகிறது என்றார்கள். டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு நம்பருக்கு ஒரே மெசேஜ் என்று மாற்றினேன். என் நம்பருக்கு அனுப்பிப் பார்த்தேன். அழகாக ஒன்றே ஒன்று வந்தது. வராமல் என்ன செய்யும், எனக்கு இருப்பது ஒரே தோட்டம், அதுவும் கற்பனைத் தோட்டம். டீ ஆறுவதற்குள் வெளியே விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், சென்னையில் ஒன்பது பேர் ஒரு வாரம் செய்கிற வேலையை ஒற்றை ஆளாய் முடித்த பெருமிதத்தில் இன்னொரு வடை சொன்னேன்.

நான் மாற்றிய விதத்தில், ஒரு நம்பருக்கு ரெண்டு தோட்டம் இருந்தால், முதலாவதற்கு மட்டும்தான் இனி ஆப் நாள் எண்ணும். இரண்டாவது தோட்டம் ஆப்பைப் பொறுத்தவரை இல்லாமலே போய்விட்டது.

லீவு முடிந்து வந்ததும் அந்தப் பெண் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார். "நான் இல்லாதப்ப எதையும் மாத்துனீகளாண்ணே?"

"மாத்துனேம்மா. பேன் ரெகுலேட்டர."

அவர் மேலே பேனைப் பார்த்தார். நான் சிரித்தேன். அதோடு முடிந்தது. ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அன்று மதியத்துக்குள் அவர் கண்டுபிடித்திருப்பார். அப்போது அக்காவின் கீழத்தோட்டம் பத்தொன்பதாம் நாளில் இருந்தது. மருந்து இருபதாம் நாள்.

ரெண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா போன் செய்தார். நான் வீட்டில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கையில் பிளாஸ்டிக் உறை, நெற்றியில் கறுப்புக் கோடு. போனை ஸ்பீக்கரில் போட்டுக் குனிந்து பேசினேன்.

"தம்பி, மேலத்தோட்டத்துக்கு வருது. கீழத்தோட்டத்துக்கு ஒண்ணையும் காணோமே? மேகமா வேற இருக்கு இங்கன."

"கீழத்தோட்டம் சத்தமில்லாம இருந்தா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம்க்கா. எங்க வீட்லயும் சத்தம் இல்லேன்னா நான் ஏன்னு போய்க் கேக்குறதில்ல."

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். "நீங்க ஒரு ஆளு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது எங்கள் ரெண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்கலாம். தலையைக் கழுவிவிட்டுத் துவட்டும்போது, நோட்டில் எழுத வேண்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். திங்கட்கிழமை எனக்குச் சாயம் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதுதான் ஞாபகம் இருந்தது.

செவ்வாயிலிருந்து மழை. நிற்காமல் தூறிக்கொண்டே இருந்தது. திராட்சைக்கு இப்படிப்பட்ட மழைதான் ஆகாது. இலைக்கு அடியில் வெள்ளையாய் ஒரு பூஞ்சை படரும். முன்கூட்டியே மருந்தடித்த தோட்டம் தாங்கும். அடிக்காத தோட்டத்தில் இலையிலிருந்து பூங்கொத்துக்குப் போய்க் கொத்தே உதிர்ந்துவிடும்.

அடுத்த வாரம் வேறு ஏதோ மாற்றத்துக்காக அந்தப் பெண் பத்துத் தோட்டத்தையும் ஓட்டிப் பார்த்தார். எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, நோட்டுல இருக்குற நாலாம் நம்பருக்கு ஒண்ணுதான் போகுது. உத்தமபாளையத்து அக்காவுக்கு ரெண்டு தோட்டமில்ல?"

எனக்கு அந்த நேரத்தில் ஜோக் எதுவும் வரவில்லை. மாற்றியதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததையும் சொன்னேன். அவர் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, அந்த ஞாயிறு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, வேறு யாருக்கெல்லாம் ரெண்டு தோட்டம் என்று தேடி ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் யாரும் என்னை முழுதாக நம்பவில்லை, மெசேஜ் வராத நாளில் தாங்களாகவே நாள் எண்ணி அடித்திருந்தார்கள். காலண்டரை நிறுத்தியது அக்கா ஒருவர்தான்.

நான் சரிசெய்து முடிக்க நாலு நிமிஷம் ஆனது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு கீழத்தோட்டத்துக்கு மெசேஜ் போனது. கொத்து நன்றாக நனையும்படி மருந்து தெளிக்கவும். ஏழு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன்.

"வந்துச்சு தம்பி" என்றார். "கொத்து நனையணுமாம்ல. எங்கன இருக்கு கொத்து?"

நான் உடனே கிளம்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குப் பதிலாக ஆபீசைத் திருத்தினேன். இனி எந்த மாற்றமும் எழுதிவைத்த பிறகுதான், நான் எழுதியதை இன்னொருவர் படித்த பிறகுதான், பத்துத் தோட்டத்திலும் ஓடிய பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை எந்த மாற்றமும் வெளியே போகாது. வேலை இல்லாத நாளிலும் 'இன்று வேலை இல்லை' என்று ஒரு மெசேஜ் போகும், அப்போதுதான் மௌனத்துக்கும் கோளாறுக்கும் வித்தியாசம் தெரியும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டினேன். சென்னையில் எதையெல்லாம் கேலி செய்தேனோ, அதில் பாதி அந்தச் சுவரில் இருந்தது. அந்தப் படிவங்களையெல்லாம் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு தோட்டத்தைக் கெடுத்துவிட்டு வந்துதான் உண்டாக்கியிருப்பார் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

எல்லாம் சரியாக்கிவிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. பயந்தேன் என்பதுதான் நிஜம்.

ரெண்டு மாதம் கழித்துப் போனேன். கீழத்தோட்டத்தில் அடுத்த கவாத்து நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் வெட்டிப்போட்ட கொடிகள் வழியெல்லாம் கிடந்தன. பந்தலுக்கு அடியில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தவர் கொழுந்தனார். நல்ல மனிதர்தான். "மேல இருக்காக, போங்க" என்று கையைக் காட்டினார். போன் பார்த்து விவசாயம் பண்ணியவர் என்று வீட்டில் அக்காவுக்கு ஒரு பெயர் வந்துவிட்டதாக வரும் வழியில் உரக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அக்கா மேலத்தோட்டத்தில் கொத்துகளில் சொத்தைக் காய்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாங்க என்றார். கோபமில்லை. வாளியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் மாற்றியது, சோதிக்காமல் விட்டது, கேட்ட பெண்ணிடம் மழுப்பியது. சுவரில் ஒட்டியதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, மன்னிப்புக் கேட்க வந்தவன் எப்படியோ நியாயம் பேச ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது. கடைசியில் இப்படி ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"மறுநாளும் வரலேன்னதும், இன்னொருக்கா ஒரு போன் அடிச்சிருக்கலாமேக்கா."

அக்கா கிள்ளுவதை நிறுத்தாமல் சொன்னார்.

"அடிச்சு? இன்னொருக்கா சிரிக்க வச்சு அனுப்பிருப்பீக."