மழை நாளில் மட்டும் குளிர்கிற கார்

எங்கள் கார் மழை பெய்யும் நாட்களில் சொன்ன நேரத்துக்குத் தானாகவே குளிர்ந்து நிற்கும். வெயில் எரிக்கும் நாட்களில் குளிராது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இது இன்னொருவருடைய காராக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் மனிசனுக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. சண்டைக் காலத்தில் முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்ட நாளிலிருந்து அப்படி. அந்த இடத்துக்குக் கீழே வியர்வையும் வராது. ஆரம்பத்தில் நான் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. நடக்க முடியாமற் போனவருக்கு வியர்க்காதது ஒரு குறையா என்று இருந்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது, வியர்க்காத உடம்புக்குள் போன சூடு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும் என்று.

கார் பழைய மின்சாரக் கார். கனடாவிலிருக்கும் அவருடைய தமையன் எடுத்துத் தந்தது. ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தது. பெற்றோல் தேவையில்லை, வீட்டுக் கரண்டில் சார்ஜ் ஏற்றலாம், நானே ஓடலாம். ஆனால் பற்றரி களைத்துப் போனது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நெடுங்கேணி வழியாக வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மட்டும் அதற்குச் சீவன் இருக்கிறது. அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் திரும்ப ஏற்றிக்கொண்டுதான் வரவேண்டும். தகரக் கொட்டிலுக்குள் நின்று வெந்த காரை பற்றரியில் ஏசி போட்டுக் குளிர வைத்தால், குளிர வைப்பதிலேயே பாதி போய்விடும். பிறகு புளியங்குளத்துச் சந்தியில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு முறை அந்தப் பயத்தில் ஏசியைக் குறைத்து வைத்துக்கொண்டு ஓடினேன். நெடுங்கேணி தாண்டியதும் அவர் கதைக்காமல் வந்தார். அவர் கதைக்காமல் வருகிற ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் முகம் செங்கல் நிறம். தொட்டால் கை சுட்டது. வழியிலே ஒரு கடையில் நிறுத்தி, சோடாப் பெட்டிக்குள் இருந்த ஐஸை அள்ளித் துவாயில் சுற்றி, கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். கடைக்காரப் பெண் மட்டையால் விசிறினாள். கண்ணைத் திறந்தவுடன் அவர் கேட்டது இதுதான்:

"என்னை மீனெண்டு நினைச்சிட்டீரோ?"

கடைக்காரப் பெண் சிரித்தாள். வவுனியாவுக்குப் போகாமலே திரும்பினோம். முன்கூட்டியே குளிர்ந்து நிற்காத காரில் இனி அவரை ஏற்றுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அந்தக் கோடையில்தான் அவருக்குப் பின்புறத்தில், இருக்கிற பக்கத்தில், புண் வந்தது. முதலில் ஒரு சிவப்பு. பிறகு தோல் விட்டது. அவருக்கு நோகாது, அதனால் நான்தான் பார்க்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை தரம் துணியை விலக்கிப் பார்ப்பேன் என்று சொன்னால் வெட்கம். வவுனியா ஆஸ்பத்திரியில் அதைப் பார்க்கிற டொக்டரின் கிளினிக் மத்தியானத்துக்குப் பிறகுதான். விடியவே வெளிக்கிட்டுப் போய்க் காத்திருக்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். புண்ணின் மேல் அதிக நேரம் உட்கார்ந்திருக்கக்கூடாது என்பதுதான் முதல் கட்டளை. ஆகவே வெயில் ஏறிய பிறகுதான் எங்கள் பயணம். வேறு வழி கிடையாது.

காருக்குள் அப்படியொரு வசதி இருப்பதைக் கொழும்பில் வேலை செய்கிற மகள்தான் சொன்னாள். சார்ஜ் வயர் செருகி இருக்கும்போது, குறித்த நேரத்தில் கார் தானாக ஏசியைப் போட்டு, வீட்டுக் கரண்டிலேயே குளிர்ந்து நிற்குமாம். பற்றரி அப்படியே மிஞ்சும். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களுக்காகவே யாரோ யோசித்துச் செய்தது மாதிரி இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீசே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். காரின் திரை முழுக்க ஜப்பான் எழுத்து. கதவைத் திறந்தால் ஒரு ஜப்பான் பெண் ஏதோ சொல்வாள். அவள் நெருப்புப் பற்றப் போகிறது என்று சொல்கிறாளோ, பிறேக் இல்லை என்று சொல்கிறாளோ என்று பல நாள் பயந்திருக்கிறேன். போனின் கமராவைத் திரைக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி, மகள் அங்கிருந்தபடி போனிலேயே மொழிபெயர்த்து வாசித்தாள்.

"அம்மா, அந்த மனிசி பாவம். ஜப்பான் றோட்டுக்குக் காசு கட்டுற கார்ட் போடேல்லை எண்டு சொல்லுறா. வேறையொண்டுமில்லை."

"வடிவாக் கேள் பிள்ளை. நெருப்பெண்டு ஏதும் வருதோ?"

"வரேல்லை அம்மா."

இருவருமாகப் பத்து மணி என்று போட்டோம். அடுத்த நாள் பத்தரைக்குப் போய்க் கதவைத் திறந்தேன். பாண் சுடுகிற போறணையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. மறுநாளும் அப்படி. அதற்கு அடுத்த நாள் காலையில், தேத்தண்ணி கொண்டுபோன என்னைப் பார்த்து அவர், "உம்மட கார் விடியக்காலமையிலை மூச்சு விடுது, கேட்டனீரோ?" என்றார். சார்ஜ் ஏறுகிற சத்தம் என்று நான் நினைத்திருந்தது அதுதான். கண்ணுக்குத் தெரிகிற மணிக்கூடு எங்கள் நேரம். திரைக்கு உள்ளே இருந்த இன்னொரு மணிக்கூடு ஜப்பான் நேரம். கார் உள்ளே இருந்ததைத்தான் நம்பியது. ஜப்பானில் பத்து மணி என்றால் எங்களுக்கு ஆறரை.

"ஜப்பான்காரன் கந்தோருக்கு வேலைக்குப் போட்டான். நாங்கள் இன்னும் முகம் கழுவேல்லை," என்றார்.

உள்ளிருந்த மணிக்கூட்டை மாற்ற முடியவில்லை. மகள் கணக்குப் பார்த்து, எங்கள் பத்து மணிக்கு ஒன்றரை என்று போடச் சொன்னாள். அடுத்த நாள் வானம் மூட்டமாகி, கோடையிலே ஒரு மழை. பத்தரைக்குக் கதவைத் திறந்தேன். உள்ளே குசினிப் பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர். சீற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவரிடம் போய், "வாற கிளினிக்குக்குப் போறம்," என்று நான் சொன்ன விதத்தை இப்போதும் நினைக்கிறேன். அவர் சேட்டை அயர்ன் பண்ணி வைத்தேன்.

கிளினிக் நாளன்று வெயில். கார் சூடு. அவர் வெளிக்கிட்டு, சக்கர நாற்காலியில் ஏறிக் கதவடியில் இருந்தார். நான் காருக்கும் அவருக்குமிடையில் ஓடினேன். பிறகு அவரைத் திரும்பக் கட்டிலில் குப்புறப் போட்டேன். அயர்ன் பண்ணிய சேட்டை அவரே கழற்றினார்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. வயரைக் கழற்றிச் செருகினேன். கொட்டிலுக்கு மேலே தென்னங்கிடுகு போட்டேன். கதவை எல்லாம் பூட்டிப் பார்த்தேன், பூட்டாமல் பார்த்தேன். பிளக் சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டு விரல் நுனி எரிந்தது. கிளிநொச்சியில் இப்படியான கார் திருத்துகிற இடத்துக்கு மகள் போன் பண்ணினாள். காரில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். சில நாள் குளிரும், சில நாள் குளிராது. குளிர்ந்த நாளில் நான் என்ன செய்தேன், எந்தக் காலை முதலில் வைத்தேன் என்றுகூட யோசித்திருக்கிறேன்.

கண்டுபிடித்தவர் படுத்திருந்த மனிதர். கட்டிலுக்கு மேலே சுழலும் ஃபேன்தான் அவருக்கு நாள் முழுக்கத் துணை. அது இழுபட்டு மெதுவாகும்போது அவர், "எதிர்வீட்டில மோட்டர் போட்டாச்சு," என்பார். தினமும் சொல்வார். நானும் தினமும் கேட்பேன், கேட்டுக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கு நான் கொட்டிலடியில் நின்றேன். பத்து மணிக்குக் கார் மூச்சு விட்டது. காற்றின் சத்தம் வந்தது. எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் ஜன்னலால் அவர் குரல்:

"எதிர்வீட்டில மோட்டர் போட்டாச்சு!"

சார்ஜ் வயரில் இருக்கிற பெட்டியில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. காரின் சத்தம் நின்றுவிட்டது.

எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஒரு வயர்தான். நாங்கள்தான் கடைசி. கோடையில் குளம் வற்றியதும் எல்லோரும் கிணற்றிலிருந்துதான் பயிருக்கு இறைக்கிறார்கள். கிணறும் வற்றிக் கிடப்பதால் ஊறின உடனே இறைக்க வேண்டும், பிறகு ஊற விட வேண்டும். வெயில் கூடக் கூட மோட்டர் கூடும். மோட்டர் கூடக் கூடக் கரண்ட் இழுபட்டுக் குறையும், கார் அதை ஏற்காமல் நின்றுவிடும். மழை பெய்தால் யாரும் இறைப்பதில்லை. அன்றைக்குக் கார் குளிரும். அன்றைக்குக் கார் குளிர்ந்து எங்களுக்கு என்ன?

கரண்ட் லைன் பார்க்க வந்தவரிடம் கேட்டேன். பாரம் கூடிவிட்டது, பெரிய ட்ரான்ஸ்போமர் வந்தால்தான் சரிவரும் என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு மேலே வயரைப் பார்த்தார்.

அடுத்த கிளினிக்குக்கு முதல் நாள் பின்னேரம், வெட்கத்தை விட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண்ணின் தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவள் மிளகாய் போட்டிருந்தாள். சொல்லி முடிக்கவே விடவில்லை.

"நாளைக்கு நான் போடமாட்டேன் அக்கா. நீங்க பயப்படாதீங்க. அண்ணன் போயிட்டு வரட்டும்."

"உன்ரை மிளகாய்?"

"அது ஒருநாள் தாங்கும்."

அவளே மற்ற வீடுகளுக்கும் என்னோடு வந்தாள். கச்சான் கடலை செய்கிற ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, "அக்கா, ஊரிலை மனிசருக்குத்தான் வேர்க்குது எண்டு பாத்தா உங்கட காருக்குமோ? சரி, நாளைக்கு அதுக்குக் காத்து வரட்டும்," என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஊரே சத்தமில்லாமல் கிடந்தது. கட்டிலில் கிடந்தவர் தலையைத் திருப்பி ஃபேனைப் பார்த்தார்.

"ஏன் ஒருத்தரும் மோட்டர் போடேல்லை?"

அயர்ன் பண்ணிய சேட்டை எடுத்து நீட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. ஏற்றும்போது என் தோளைப் பிடித்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். கார் குளிர்ந்திருந்தது. வவுனியா வரைக்கும் அவர் கதைத்துக்கொண்டே வந்தார், றோட்டைப் பற்றி, வயலைப் பற்றி, என் கியர் இல்லாத ஓட்டத்தைப் பற்றி. நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன்.

டொக்டர் புண்ணைப் பார்த்தார். அழுகிய தசையை வெட்டித் துப்பரவாக்கினார். ஆழமாகப் போகுது என்றார். வார்ட்டில் கட்டில் கிடைக்கும்வரைக்கும் இனி வாரம் தவறாமல், ஒவ்வொரு கிழமையும் கட்டாயம் கொண்டுவரச் சொன்னார்.

"ஒவ்வொரு கிழமையுமோ?"

"ஓம் அம்மா. விட்டால் எலும்புக்குப் போயிடும்."

தலையை ஆட்டினேன். திரும்பி வரும்போது அவர் கதைக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. வீட்டு ஒழுங்கையில் திரும்பும்போது எதிர்வீட்டு மிளகாய்க் கன்றுகள் தலை கவிழ்ந்து நின்றதை இருவரும் பார்த்தோம். இறைக்காமல் விட்ட அந்த ஒரு ஊற்றுத் தண்ணீர் போனது போனதுதான்.

ஒரு நாள் கேட்கலாம். கிழமைக்குக் கிழமை எப்படிக் கேட்பது? அடுத்த கிழமை அவர் என்னை முந்திக்கொண்டு சொன்னார்: "ஒருத்தரிட்டையும் போகக்கூடாது நீர். போனால் நான் ஏறமாட்டன்."

நான் போகவில்லை. ஆனாலும் காரில் போட்ட நேரத்தை அழிக்க மனம் வரவில்லை. கிளினிக் நாளில் பத்து மணிக்கு அது மூச்சு விடும். அக்கம் பக்கத்தில் மற்ற மோட்டர்கள் எல்லாம் இரைந்துகொண்டிருக்கும். எதிர்வீடு மட்டும் சத்தமில்லாமல் இருக்கும். நான் கேட்காமலே அவள் கிளினிக் நாளை ஞாபகம் வைத்திருக்கிறாள். ஒரு வீடு மட்டும் நிற்பதால் கார் விட்டுவிட்டு இழுக்கும், குளிராது; எங்கள் பயணமும் நின்றுவிடும். அவள் கிணற்றில் தண்ணீர் ஊறி நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு அவளும், காரைப் பார்த்துக்கொண்டு நானும் நிற்போம். பிறகு வேலியடிக்கு வருவாள்.

"சரிவந்திருச்சா அக்கா?"

நேற்றும் வந்து கேட்டாள். காரின் கதவு என் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

"ஓம், குளிர்ந்திட்டுது. நீ மோட்டரைப் போடு தங்கச்சி."

அவள் ஓடினாள். கார் வெளிக்கிடாததை அவள் காணாமல் இருக்க மாட்டாள். பிறகு அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை. மோட்டர் இரையத் தொடங்கியது. பெட்டியில் சிவப்பு வந்தது. வீட்டுக்குள் ஃபேன் இழுபட்டது.

"என்ன சொன்னீர் அவளுக்கு?" தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டார்.

"குளிர்ந்திட்டுது எண்டனான்."

"அப்ப வெளிக்கிடுவம்," என்றார், தலையை எடுக்காமலே.

வீட்டிலேயே புண் கழுவ நான் கொதிக்க வைத்த உப்புத்தண்ணீர் குசினியில் இருந்தது. ஆறிவிட்டதா என்று பார்க்கப் போனேன்.