மிளகளவு கருவிக்கு வைத்த பொட்டு

எங்கள் பட்டறையில் நான் செய்த கருவி மிளகளவுதான். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. தண்ணீரின் அழுத்தம் ஓர் ஊசித்துளை வழியாக வந்து மெல்லிய தகட்டை அமுக்கும். ஒரு பொடிப் பல்சக்கரம் நகர்ந்து அங்கேயே நின்றுவிடும். சூட்டுக்கு வளைந்து இன்னொரு சக்கரத்தை நகர்த்துகிற தகடு ஒன்றும் தனியாக உண்டு. மேலே எடுத்து லென்ஸில் பார்த்தால் போர் கிணற்றுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். கருவி சிறிதே தவிர, எனக்கிருந்த கர்வம் சிறிதில்லை.

சூலூர் பக்கம் தனியாளாகத் தென்னந்தோப்பு பார்க்கும் ஓர் அக்காவுக்கு மோட்டார் இரண்டாம் முறையாகக் கருகியிருந்தது. தண்ணீர் வற்றிவிட்டது என்று ஊரே சொன்னது. தோப்பை வாங்க ஆளும் வந்துவிட்டார்.

"தண்ணி இல்லீன்னா குடுத்துப்போட்டு மக ஊட்டுக்குப் போயர்றனுங்க அம்மணி" என்றார் அக்கா, நான் கருவியோடு போனபோது.

மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்ததால் போருக்குள் வழி காலியாக இருந்தது. மோட்டார் நிற்கும் ஆழத்துக்குக் கருவியைக் கயிற்றில் இறக்கி, அரை மணி கழித்து ஏற்றினேன். சூட்டுச் சக்கரம் ஒழுங்காக நகர்ந்திருந்தது. அழுத்தச் சக்கரம் அசையவே இல்லை.

"தண்ணி இல்லீங்கக்கா."

"கயிறு நனஞ்சிருக்குதுங்களே?"

"அது பக்கத்துப் பாறையில கசியறதுங்க" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. அவர் போர் பைப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் மறுபடி லென்ஸை எடுத்தேன்.

துளைக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. சந்தனம்!

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. பட்டறையில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு, பாசம் பொங்கி, தீக்குச்சி முனையால் இதற்கும் வைத்தது நானேதான். அது காய்ந்து துளையைக் கெட்டியாக அடைத்திருந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பட்டென்று எழுந்து, தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

துளையைச் சுத்தம் செய்து மீண்டும் இறக்கினேன். இந்த முறை சக்கரம் நகர்ந்திருந்தது. மோட்டார் நிற்கும் இடத்துக்கு மேல் நூறடிக்குக் குறையாமல் தண்ணீர். மோட்டாரைக் கருக்கியது வோல்டேஜ் குறைவு என்று பிறகு எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்தார்.

அக்கா போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "கண்ணு, எனக்கு ரூமு ஒழிச்சு வெக்கறேன்னியே, அதுல உன்ற சாமானத்தையே வெச்சுக்கோ" என்றார்.