லாயாங் லாயாங் பிளாட்பாரத்தில் உருண்ட பால்குடம்

முருகன் அடியார்களே, என் பெண்டாட்டியின் கால் சிக்கிய இடுக்கை அவ்வளவு அகலமாக்கியவனே நான்தான். அதை மறைத்தால் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான் லாயாங் லாயாங்கில் தண்டவாள வேலை செய்கிறவன். ஸ்டேஷன் வளைவில் ரயில் பெட்டிகள் பிளாட்பாரக் கல்லை உரசின. அதனால் பத்துப் பேர் கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தைத் தள்ளி வைத்தோம். கங்காணி போதும் என்றார். "இன்னும் ஒரு தள்ளு தள்ளிடுவோம், மறுபடி யாரு வர்றது?" என்றவன் நான். வெறும் சோம்பேறித்தனம்.

அந்த வருஷத் தைப்பூசத்தில் என் பெண்டாட்டி அஞ்சலைக்கு ஆறு மாதம். முன்பு மூன்று கலைந்துவிட்டன. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமென்று குளுவாங் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்திருந்தாள். எடுத்த குடத்தை இடையில் இறக்கக் கூடாது, பிறர் கையில் கொடுக்கவும் கூடாது. இரண்டு கையாலும் தலையில் பிடித்தபடியே வண்டி ஏறினாள். கீழே பார்க்க வழியில்லை. வண்டிப் படிக்கும் பிளாட்பாரக் கல்லுக்கும் நடுவில் கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது.

"என்னங்க, காலு வரல" என்றாள். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இஞ்சின் ஊதிவிட்டது. கடைசிப் பெட்டியருகே நின்ற கார்டுக்கு வளைவில் எங்களைத் தெரியவில்லை. நான் கத்தியதும் அரோகரா சத்தத்தில் அமுங்கிப்போனது. "முருகா, தப்பு என்னோடது. அவளையும் புள்ளையையும் காப்பாத்து" என்று அழுதேன்.

அஞ்சலை கம்பியைப் பிடிக்கக் கையை எடுத்தாள். குடம் விழுந்து பால் கொட்டியது. பித்தளைக் குடம் சரிவில் கணகணவென்று உருண்டு, பச்சைக் கொடியை விரிக்கப்போன மலாய்க்காரக் கார்டின் காலில் போய் முட்டியது. "அலமாக்" என்று பதறியவர், கொடியைச் சுருட்டிக்கொண்டு பால் வழிந்த வழியே ஓடி வந்தார். வண்டி நகரவில்லை. ஆறு பேர் பெட்டியைத் தோளால் சாய்த்துப் பிடிக்க, காலை எடுத்தோம். தோல்தான் உரிந்திருந்தது.

"நேத்திக்கடன் போச்சே" என்று அழுதாள்.

"எங்கடி போச்சு? முருகன் இங்கயே வந்து வாங்கிக்கிட்டாரு" என்றேன்.

மறுநாளே கங்காணியிடம் உண்மையைச் சொன்னேன். நன்றாகத் திட்டிவிட்டு ஆள் கொடுத்தார். தண்டவாளத்தைத் திரும்ப நெருக்கினோம். கல்லோரத்தில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டைகளைப் பதித்தோம். ஓரம் நெடுக நான் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினேன். இன்றுவரை மாதாமாதம் அது என் வேலை. முன்பெல்லாம் கோயிலுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தவன் நான்; இப்போது பூசைக்கே வந்துவிடுகிறேன்.

சித்திரையில் வள்ளி பிறந்தாள். இந்தத் தைப்பூசத்துக்கு அஞ்சலை அதே குடத்தோடு, கீழே பாராமலே ஏறினாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். அதே கார்டு கடைசி ஆளின் கால் வெள்ளைக் கோட்டைத் தாண்டும்வரை கொடியை விரிக்கவில்லை.

தப்பு உங்களுடையதாகவே இருந்தாலும் கூசாமல் முருகனிடம் சொல்லி அழுங்கள். கைநழுவி விழுந்ததைக் கொண்டே காப்பாற்றுவான். அப்புறம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்யுங்கள்.