பிரசிடெண்ட் அம்மா ஸ்டாப்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குடியரசு தினத்தன்று நடந்தது இது. ஆரணியை அடுத்த சேவூரைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம்.

எங்கள் காலனியிலிருந்து முதன்முதலாக ஊராட்சித் தலைவரான பெண்மணி அதற்குச் சில மாதங்கள் முன்புதான் காலமாகியிருந்தார். எல்லோருக்கும் அவர் பிரசிடெண்ட் அம்மா. பதவியேற்ற புதிதில், ஆபீஸில் நாற்காலி போடாமல் அவரை நிற்க வைத்தார்கள். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு, எல்லாத் தெரு வழியாகவும் நடந்து போய், ஆபீஸ் நடுவில் போட்டு உட்கார்ந்தார். மெயின் ரோட்டோடு திரும்பிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸை, டெப்போவுக்கு அலையாய் அலைந்து, தறிக்காரர் தெரு வழியாகக் காலனி வரை கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த பஸ் இல்லையென்றால் நான் காலேஜ் வாசலையே மிதித்திருக்க மாட்டேன்.

காலனியில் புதிதாகக் கட்டிய நிழற்குடைக்கு அவர் பெயரை வைக்க வேண்டுமென்று எங்கள் மகளிர் குழுவில் பேசி முடித்தோம். கூட்டத்தில் அதைக் கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மைக்கைப் பிடித்தேன். எப்படியோ சொல்லி முடித்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "அதெல்லாம் வேணாம்மா. இன்னிக்கு இவங்க பேரு, நாளிக்கு இன்னொருத்தரு பேரு. ஊருக்குள்ள வீணா பேஜாரு."

சிலர் தலையாட்டினார்கள். ஊராட்சி செயலர் பேனாவை மூடினார். ஆனாலும் மைக்கைக் கொடுக்க மனம் வரவில்லை. "கை தூக்கச் சொல்லுங்க சார். வேணாம்னா ஊரே சொல்லட்டும்" என்றேன்.

தறிக்காரர் தெருப் பெண்கள் பக்கமிருந்து ஓர் அக்கா எழுந்தார். பட்டு நெய்பவர். அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எம் பொண்ணு நர்ஸுக்குப் படிச்சிகினு இருந்தப்போ டெய்லி அந்த பஸ்லதான் போச்சு. அந்தம்மா பேரு வெச்சா நமக்கு இன்னா கொறஞ்சி போவுது? எழுதுங்க சார்" என்று கையைத் தூக்கினார்.

அவர் பக்கத்தில் இன்னொரு கை. பின்னால் எங்கள் காலனிப் பெண்கள் மொத்தமும். ஆண்கள் பக்கம் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு மளமளவென்று. செயலர் எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். தீர்மானம் நிறைவேறியது! அழுதேனா சிரித்தேனா, தெரியாது. அந்த அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

மேலிடத்து உத்தரவு வந்து பலகை மாட்ட மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். மறுநாள் சாயங்காலம் ஆரணியில் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்புகிறேன். காலனி நெருங்கியதும் கண்டக்டர் குரல் கொடுத்தார்: "பிரசிடெண்ட் அம்மா ஸ்டாப்லாம் எறங்குங்க, ஜல்தி ஜல்தி."

பஸ்ஸில் இருந்த எங்கள் பெண்கள் அத்தனை பேரும் கைதட்டிவிட்டோம். காலையிலிருந்து எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்டார்களாம்; கைதட்டல் எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

கூட்டத்தில் பேச எழும்போது இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுந்து கேட்டுவிட்டால், நாம் நினைத்தே பார்க்காத பக்கத்திலிருந்தும் ஒரு கை உயரும் என்பதைக் கண்ணால் பார்த்தவளால் சும்மா உட்கார்ந்திருக்க முடிவதில்லை.