நைஸ் மாவைக் கொண்டுவந்தது யார்?

மூன்று அரவை மில், ஒரு மரக்கடை, ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடி வைத்த லாட்ஜ். இவ்வளவும் நான் எழுப்பியவை. படிப்பு மூன்றாம் வகுப்பு. அம்மி கொத்திப் பிழைத்த அப்பா எனக்கு விட்டுப்போனது ஓர் உளி மட்டுமே.

போன வாரம் பேத்தி வந்திருந்தாள். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவள். “தாத்தா, நைஸ்ங்கிற வார்த்தை லத்தீன்ல இருந்து வந்துது. மொதல்ல அதுக்கு ஒண்ணுந் தெரியாதவன்னு அர்த்தம். அப்புறம் கூச்சக்காரன், அப்புறம் நுணுக்கமானது, கடைசியிலதான் நல்லது” என்றாள்.

“அடேயப்பா, ஒரு வார்த்தைக்கு இத்தனை வேஷமா?” என்றேன்.

நம் ஊருக்கு வந்தும் அது சும்மா இருக்கவில்லை. வழவழப்பான துணி நைஸ், இனிக்க இனிக்கப் பேசுவதும் நைஸ். எனக்கு அது முதலில் மாவாகத்தான் அறிமுகம். ஐம்பதுகளில், மத்திகிரி மாட்டுப்பண்ணை டாக்டர் வீட்டுச் சமையல்காரர் கோதுமையைக் கொண்டுவந்து, “ஐயாவுக்கு நைஸா வேணும்பா” என்றார். கரகரப்பாகவே அரைத்துப் பழகிய ஊர். நான் கல்லை எடுத்து, உளியால் பள்ளங்களை நெருக்கிக் கொத்தி அரைத்துக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் ராகி கொண்டுவந்த பாட்டிமார்கூட நைஸ் கேட்டார்கள். இன்றைக்கும் எந்தப் பொடியைக் கண்டாலும் விரலில் தேய்த்துப் பார்ப்பேன். பேத்தியின் முகப்பவுடரைத் தேய்த்து வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அப்போது மில் எனக்கும் தொழில் பங்காளி முனிரத்தினத்துக்கும் பொது. இடமும் ஆயில் என்ஜினும் அவருடையவை. கல்லும் கையும் என்னுடையவை. அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கல் கொத்திய அன்று முதல் அரவை மாட்டுக்கு. பழைய சோளத்தை ஓட்டி, உதிர்ந்த கல்துகளை வெளியேற்றிய பிறகுதான் மனிதர்களுக்கு அரைக்கலாம்.

தேர்த் திருவிழா அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக ராகி வந்தது. விடியற்காலையில் கல்லைக் கொத்திவிட்டு, “அண்ணா, சோளம் ஓட்டாம ராகிய கொட்டிறாதே” என்று சொல்லி, என்ஜினுக்கு எண்ணெய் வாங்கக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். அவருக்கு அவசரம். கொட்டிவிட்டார்.

களியை நாங்கள் மெல்வதில்லை, விழுங்குவோம். பந்தியில் ஒரு பெரியவர் மட்டும் கடித்துவிட்டார். கையில் துப்பிப் பார்த்து எழுந்தார். “எவன்டா அரைச்சது? சாமி சோத்துல கல்லா?”

அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன். முனிரத்தினம் என் தோளில் கை போட்டார். “நம்ம பையன்தாங்க. கை இன்னும் பழகல, மன்னிச்சிருங்க” என்றார். எத்தனை நைஸாக!

நானும் பெரியவரைக் கும்பிட்டேன். பங்காளியைப் பந்தியில் விட்டுக்கொடுக்கக் கூடாது, நாளைக்கு அவரே சொல்லிவிடுவார் என்று நம்பினேன். சொல்லவில்லை. மில் பக்கம் யாரும் வரவில்லை. நான்தான் வீடு வீடாக மாவைத் தூக்கிப்போய், அவர்கள் கண்ணெதிரே களி கிண்டி, முதல் கவளத்தை நான் விழுங்கிக் காட்டினேன். கூட்டம் திரும்பியது. புதுப் பலகையும் வந்தது, அவர் பெயர் மட்டும் போட்டு.

“என் பேரு எங்கண்ணா?”

“உன் பேரப் போட்டா சனம் பயப்படும்பா.”

அன்றே உளியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அதற்குப் பிறகு நான் கட்டியதெல்லாம் அந்த ஒரு பதிலின் மேல் கட்டியவை.

அந்தக் கற்கள் இப்போது இல்லை. மாவு பாக்கெட்டில் வருகிறது. முதல் அரவையை மாட்டுக்கு விடுகிறவனும் இல்லை. முனிரத்தினமும் போய்விட்டார். அவர் பிள்ளைகள் மில்லுக்கு விழா மலர் போட்டிருக்கிறார்கள். ‘இப்பகுதிக்கு நைஸ் மாவைக் கொண்டுவந்தவர்’ என்று அப்பாவின் படத்துக்குக் கீழே அச்சடித்திருக்கிறார்கள்.

தம்பிகளே, படம் இருக்கட்டும். அதன் கீழே என் பெயரைப் போட்டு, கல் கொத்தியவன் இவன் என்று எழுதுங்கள். ராகியைக் கொட்டியபோது இவன் ஊரிலேயே இல்லை என்பதையும் எழுதுங்கள்.