மாமா எழுந்து நின்ற வாக்கெடுப்பு

என் அக்கா வீட்டுக்காரர் சட்டமன்றத்தில் வாயிற்காவலர். ஓய்வு வயது தாண்டியும் நீட்டிப்பு வாங்கிக் கதவோரம் விறைப்பாக நிற்கிறார். வாக்கெடுப்பின்போது மட்டும் முக்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். எழுந்து நிற்பவர்களின் தலையை எண்ணித்தான் அங்கே முடிவு சொல்வார்கள். காவலர் தலை அதில் கலந்துவிடக் கூடாது. இந்த உட்காரும் பொறுப்பைப் பற்றி மாமா அடிக்கும் தம்பட்டம் தாங்க முடியாது. வீட்டில் யாருக்குக் காபி என்று கேட்டால்கூட டக்கென்று உட்கார்ந்துவிடுவார். காபி கிடைக்காது.

போன வருடம் முதியோர் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கி, முழங்கால் ஆபரேஷனையும் அதில் சேர்த்தார்கள். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் தேதியும் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் செலவு எகிறுகிறதாம், மறுபரிசீலனையாம். கொடுத்ததைப் பிடுங்குவதற்கு எவ்வளவு கௌரவமான பெயர்! அக்கா இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

"இன்னிக்கு அதுக்கு ஓட்டெடுப்பாம். நீ போய்ப் பார்த்துட்டு வா. உங்க மாமாவைக் கேட்டா கதவைப் பத்தி மட்டும்தான் சொல்வாரு" என்று அக்கா என்னை அனுப்பினாள். நான் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஒருவழியாகப் பேசி ஓய்ந்தார்கள். "விரிவாக்கம் தொடரணும்னு சொல்றவங்க எழுந்திருங்க" என்றார் அவைத்தலைவர்.

முக்காலியிலிருந்து மாமா எழுந்துவிட்டார். எண்ணுகிறவர் அவரையும் சேர்த்து எண்ணிவிட்டார். ஒரே ஓட்டில் திட்டம் பிழைத்தது. எதிரணி விடுமா? ஒரே கூச்சல். மாமாவைக் கழித்தால் இரண்டு பக்கமும் சமம். சமம் என்றால் திட்டம் காலி.

"நீங்க ஏங்க எழுந்தீங்க?" என்று கேட்டார் அவைத்தலைவர்.

"தெரியலைங்கய்யா. தொடரணும்னு தோணுச்சு."

"சரி, உட்காருங்க."

"நான் உட்கார்ந்தா என் பொண்டாட்டி நடக்க முடியாதுங்கய்யா."

அவை முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேர் வந்து மாமாவின் தோளைப் பிடித்து முக்காலியில் அமுக்கினார்கள். இந்தக் களேபரத்தில், காலையிலிருந்து கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த வயதான உறுப்பினர் ஒருவர் விழித்துக்கொண்டார். என்ன விஷயம் என்று பக்கத்தில் விசாரித்தார். மறுபடி எண்ணியபோது, மேசையை ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்து நின்றார். அவருக்கும் முழங்கால் போலிருக்கிறது. திட்டம் முறைப்படியே பிழைத்தது.

மாலையில் மாமா தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். "ஒரு மாசம் வேலைப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "ஆபரேஷனுக்குக் கூட இருங்க, லீவு கேளுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நான் இல்லாம சட்டசபை நடக்காதுன்னீங்க. பாருங்க, அவங்களே குடுத்தனுப்பிட்டாங்க."